லேப்டாப்புக்குள் கிடந்த பனியன் பஞ்சு

2025 சித்திரையில் அக்கா மகளிடமிருந்து ஒரு போன் வந்தது. "சித்தி, லேப்டாப் மறுபடியும் தானா அணைஞ்சுருச்சுங்க. ப்ராஜெக்ட் ரிவ்யூல பாதியில நின்னுபோச்சு. எல்லாரு முன்னாடியும் மேடம் கேட்டுட்டாங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. நான் கட்டிங் டேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த நேரம். "பழசுதானே கண்ணு, அப்படித்தான் இருக்கும். இன்னும் ஒரு வருசம் அனுசரிச்சு ஓட்டிக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த லேப்டாப்பை அவளுக்குக் கொடுத்ததே நான்தான். மூன்று வருடம் நான் வேலை பார்த்த மிஷின். அன்றைக்கு யோசிக்காமல் சொன்ன அந்தப் 'பழசு' என்கிற சொல் இன்றுவரை என்னை விடவில்லை.

திருப்பூரில் ஒரு ஜாப் ஒர்க் கட்டிங் யூனிட்டில் பேட்டர்னும் மார்க்கரும் போடுகிறேன். வெட்ட வேண்டிய பாகத்தின் வடிவம் பேட்டர்ன், அவற்றைத் துணிமேல் அடுக்கிய படம் மார்க்கர். துணி அகலத்துக்குள் முன்பாகம், பின்பாகம், கை, காலர் எல்லாவற்றையும் வீணாகாமல் அடுக்கிக் காட்டும் சாஃப்ட்வேர்தான் என் பிழைப்பு. அதில் ஆட்டோ மார்க்கர் என்று ஒன்று உண்டு. ஓட விட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் பிராசஸர் முழு மூச்சில் வேலை செய்து, அடுக்கி அடுக்கிப் பார்த்து, ஒரு சதவீதம் துணி மிச்சம் பிடித்துக் கொடுக்கும். டன் கணக்கில் துணி வெட்டுகிற இடத்தில் ஒரு சதவீதம் என்றால் என்ன என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2020-ல் வாங்கிய முதல் லேப்டாப் 2022 கடைசியிலேயே தவழ ஆரம்பித்துவிட்டது. பத்து நிமிடத்தில் முடிகிற மார்க்கர் அரை மணி நேரம் இழுத்தது. ஃபார்மேட் செய்தேன். ரேம் கூட்டினேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். திறக்கும் வேகம் கூடியதே தவிர, மார்க்கர் ஓடும்போது அதே இழுவைதான். ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். திறக்காமலேயே "போர்டு வீக்குங்க, மாத்தணும்" என்றார்கள். கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வந்துவிடும் போலிருந்தது. சரி என்று 2023 ஆடித் தள்ளுபடியில் புதுசு வாங்கிக்கொண்டு, பழையதைக் கல்லூரியில் சேர்ந்திருந்த அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

புதுசு ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் அதுவும் அதே மாதிரி இழுக்கத் தொடங்கியது. ஒரு மிஷின் இப்படி ஆனால் மிஷினைச் சொல்லலாம். இரண்டாவதும் அதே மேஜையில், அதே வேலையில், அதே மாதிரி ஆகிறது என்றால் வேறு ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கம்பெனிகளே இப்போது இப்படித்தான் செய்கிறார்கள், இரண்டு வருடத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்றே தயாரிக்கிறார்கள் என்று யூனிட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும் நம்பினேன்.

வெளியே வரும் காற்று

போன் வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளியில் வீட்டில் இருந்தேன். அவசர ஆர்டர் ஒன்றுக்கு மார்க்கர் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். எங்கள் வீட்டில் முன்கூடம் சிமெண்ட் அட்டை போட்டது. அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அட்டைக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார்.

"அம்மிணி, அது என்ன சத்தம்? பேரிங் போன மோட்டாராட்டக் கத்துது."

அப்பா முப்பத்தைந்து வருடம் மோட்டார்களுக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச் சுருள், கட்டியவர். கிணற்று மோட்டார், மோனோபிளாக், சப்மெர்சிபிள், விசைத்தறி மோட்டார், மாவாட்டுகிற கிரைண்டர் மோட்டார் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் கைபடாத மோட்டார் குறைவு. கண் மங்கிய பிறகு கடையை விட்டுவிட்டார். காது மட்டும் அப்படியே இருக்கிறது. "ஃபேன் சத்தம்ங்கப்பா, வெயிலுக்கு அப்படித்தான்" என்றேன். அவர் கேட்காமல் பக்கத்தில் வந்து, மோட்டாரின் மேல் வைக்கிற மாதிரியே புறங்கையை லேப்டாப்பின் அடியில் வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு பக்கவாட்டில் காற்று வெளியே வருகிற சல்லடைக்கு நேரே உள்ளங்கையைக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்குள்ள இந்தக் கொதி கொதிக்குது. ஃபேன் இந்தக் கத்து கத்துது. காத்து மட்டும் வரவே மாட்டேங்குதே, அம்மிணி. வர்றதும் சூடா இல்லை. எங்கியோ அடைச்சுக் கெடக்குது."

என்னை உலுக்கியது அதுதான். காற்று சூடாக வரவில்லை என்பதை நானும் முன்பே கவனித்திருந்தேன். சென்ற வருடம் வரைக்கும் அந்தச் சல்லடைக்குப் பக்கத்தில் கையை வைத்தால் சுடும். மௌஸ் பிடிக்கிற கை என்பதால் நன்றாகவே தெரியும். இந்த வருடம் அந்தச் சூடு இல்லை. லேப்டாப் முன்பைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்து நிம்மதிப்பட்டிருந்தேன். சூடு வெளியே வராவிட்டால் அது உள்ளேதான் நிற்கிறது என்பது அப்பாவுக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது.

அவர் அப்போது ஒன்று சொன்னார். மழைக்காலத்தில் நனையக் கூடாது என்று கிணற்று மேட்டு மோட்டாருக்குச் சாக்கைப் போர்த்துவார்கள். மழை விட்டதும் சாக்கை எடுக்க மறந்து மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். மோட்டாரின் பின்பக்கம் இருக்கிற ஃபேன் இழுக்கக் காற்று இருக்காது. மேல் உடம்பில் வரிவரியாக இருக்கிற விளிம்புகளைக் காற்று தொடாது. வார்னிஷ் கருகி, காயில் போய்விடும். கடைக்குக் கொண்டுவருகிறவர் "மோட்டார் பழசாயிருச்சுங்க" என்றுதான் சொல்வாராம். காயில் கட்டுகிறவர்கள் நடுவே ஒரு கணக்கு உண்டு, பாடப் புத்தகத்திலும் அது இருக்கிறது. காயில் கம்பிக்கு இருக்கிற இன்சுலேஷன், அதாவது மின்காப்பு, பி கிளாஸ் என்றால் 130 டிகிரி வரை, எஃப் கிளாஸ் என்றால் 155 வரை தாங்கும். தாங்க வேண்டிய அளவுக்கு மேல் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

"திறந்து பார்க்கலாமா?" என்றார். வாரண்டி முடிந்திருந்தது. திறந்தோம்.

மூன்று நிறம்

அப்பா முதலில் ஒரு அட்டைப்பெட்டி மூடியை எடுத்து, அதில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் போல ஒரு சதுரம் போட்டார். நான் கழற்றிக் கொடுத்த ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தார். அடிப்பக்க ஸ்க்ரூக்களில் சில நீளம், சில குட்டை. நீளமானதைத் தவறான ஓட்டையில் முடுக்கினால் மேலே கீபோர்டையோ போர்டையோ குத்திவிடும். பிளாஸ்டிக் மூடியை விளிம்பில் நகத்தால் நெம்பி எடுத்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன். பவர் ஆஃப் செய்திருந்தாலும் பேட்டரியிலிருந்து போர்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும்.

மேலாகப் பார்த்தால் பெரிய அழுக்கு ஒன்றும் இல்லை. ஃபேன் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் லேசான படிவு, அவ்வளவுதான். வெளிச் சல்லடை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலும் சூட்டைக் காற்றில் விடுகிற செம்புத் தகடுகள் பளபளவென்று தெரிந்தன. இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன். ஃபேனைப் பிடித்திருந்த மூன்று ஸ்க்ரூவையும் கழற்றி அதைத் தூக்கியபோதுதான் கண்ணில் பட்டது. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே, காற்று தகடுகளுக்குள் நுழைகிற அந்த வாயில் முழுக்க ஒரு பஞ்சுப் பட்டை நின்றது. இந்தப் பக்கத்திலிருந்தும் தெரியாது, அந்தப் பக்கத்திலிருந்தும் தெரியாது. கொண்டை ஊசியால் ஒரு முனையை நெம்பினேன். பிய்ந்து வரவில்லை. ஒரே துண்டாக, கத்தரித்து வைத்த கம்பளித் துண்டு போல, கையில் வந்தது. ஏறக்குறைய என் நடுவிரல் நீளம், அரை விரல் அகலம்.

அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். அதில் நிறம் நிறமாக அடுக்கு இருந்தது. தகடுகளை ஒட்டியிருந்த பக்கம் சிவப்பு. 2023 தீபாவளிக்கு முன் ஓடிய சிவப்பு டி ஷர்ட் ஆர்டர். அதன்மேல் தடிமனாகக் கிரே மெலாஞ்ச் என்கிற சாம்பல் கலப்பு நிறம். 2024 முழுக்க அதுதான் ஓடியது. மேலே மெல்லிசாக வெள்ளை. இந்த வருடம் வெட்டிக்கொண்டிருக்கிற இன்னர் பனியன். நான் மார்க்கர் போட்டு, என் கண்முன்னே வெட்டிய துணிகளின் பஞ்சு, போட்ட வரிசையிலேயே எனக்கு முன்னால் இருந்தது. மூன்று வருடம் ஓடிய பழைய லேப்டாப்புக்குள்ளும் இதுதானே இருந்திருக்கும்? அதைத்தானே கட்டிப் பொட்டலம் போட்டு அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன்?

சூடு போகிற வழி

பிராசஸர் என்பது கட்டைவிரல் நகம் அளவு சில்லு. என்னுடைய மாதிரிச் சாதாரண லேப்டாப்பில் அது எடுத்துக்கொள்வது 15 வாட் என்று போட்டிருக்கும். முடுக்கும்போது கொஞ்ச நேரம் அதற்கு மேலும் போகும். 15 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதை நகம் அளவு இடத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? அந்தச் சூடு நிற்காமல் வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் சில்லு பிழைக்கும்.

வழி இப்படிப் போகிறது. சில்லின் மேல் மெல்லிய பூச்சாகத் தெர்மல் பேஸ்ட். இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவே நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அதில் காற்று நின்றால் சூடு கடக்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் பேஸ்ட். அதன்மேல் செம்புப் பட்டை, அதிலிருந்து ஒரு செம்புக் குழாய். அது வெறும் குழாய் கிடையாது. உள்ளே காற்றை எடுத்துவிட்டுச் சில துளி தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே அந்தத் தண்ணீர் ஆவியாகும். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, இட்லிக் குண்டா மூடியில் நீர் கோக்கிற மாதிரி அங்கே மறுபடி தண்ணீராகி, உட்சுவரில் இருக்கிற நுண்துளைகள் வழியாகத் திரும்பி வரும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் குளிர்ந்த முனையில்தான் தகடுகள். ஃபேன் அடியிலிருந்து காற்றை இழுத்துத் தகடுகளின் வழியே வெளியே தள்ளும். என்னுடையதில் எல்லாமே நன்றாக இருந்தது. கடைசி அரை அங்குலம் மட்டும் அடைத்துப்போய், மொத்த வழியும் நின்றுவிட்டது.

வழி நின்றால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். பல இன்டெல் சில்லுகளுக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டியில் பலவற்றுக்கு 95. அந்த எல்லையைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறைத்தும் ஏறினால் அணைந்துவிடும். திறப்பதற்கு முன் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்கிற இலவச சாஃப்ட்வேரில் பார்த்தேன். மார்க்கர் ஓடத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் 98. வேகம் 3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.1-க்கு இறங்கி அங்கேயே நின்றது. சுத்தம் செய்து, காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு வைத்தபின் அதே மார்க்கரில் 74-க்கு மேல் ஏறவில்லை. பதினொரு நிமிடத்தில் முடிந்தது. போர்டு வீக் என்று சொன்ன கடையின் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. திறந்து பார்க்காமல் நான்தானே நம்பினேன்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரண வீட்டுத் தூசி பொடி. அதில் பெரும்பகுதி தகடுகளுக்கு நடுவே புகுந்து காற்றோடு வெளியே போய்விடும். பஞ்சு அப்படிக் கிடையாது, அது நார். தகடுகளின் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். முதல் நார் குறுக்கே விழுந்து தங்கும். அடுத்தது அதில் சிக்கும். நூறு நார் சிக்கியதும் அதுவே ஒரு வடிகட்டித் துணி. பிறகு பொடித் தூசியும் அதில் தங்கத் தொடங்கும். திருப்பூர் கட்டிங் ஹால், சோமனூர், பல்லடம் தறிக்குடோன், நூல் மில், ஓவர்லாக் ஓடுகிற பவர் டேபிள், வீட்டுத் திண்ணையில் பிசிர் வெட்டுகிற இடம், எங்கெல்லாம் பஞ்சு பறக்கிறதோ அங்கெல்லாம் இப்போது ஒரு லேப்டாப் இருக்கிறது. கணக்குக்கோ, டிசைனுக்கோ, பிள்ளையின் படிப்புக்கோ.

ஏர் கன்

எங்கள் யூனிட்டில் தினமும் சாயங்காலம் ஏர் அடிப்பார்கள். கம்ப்ரசரில் மாட்டிய ஏர் கன்னால் கட்டிங் மிஷின், டேபிள், தையல் மிஷின் எல்லாவற்றிலும் இருக்கிற பஞ்சைப் பறக்கவிடுவார்கள். மிஷின் சுத்தமாகிவிடும். பறந்த பஞ்சு எங்கே போகும் என்று யாரும் கேட்டதில்லை. அதே நேரம் ஹாலின் மூலையில் என் லேப்டாப் அன்றைய கடைசி மார்க்கரை ஓட்டிக்கொண்டு, ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, அந்தக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. ஐந்து வருடம் தினமும் பார்த்த காட்சி. இப்போது ஏர் அடிக்கப் போகிறார்கள் என்றால் லேப்டாப்பை அணைத்து, மூடி, மேலே துணி போட்டுவிடுகிறேன். அணைத்த பிறகு போர்த்தலாம், ஓடும்போது போர்த்தக் கூடாது. அப்பாவின் சாக்குக் கதையில் இருப்பதும் அதுதான்.

அதே ஏர் கன்னை லேப்டாப்பின் சல்லடைக்கு நேரே வைத்து அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்கிற குழாயை வைத்து அடித்தவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வெளியிலிருந்து அடிக்கிற காற்று அந்தப் பட்டையைத் தகட்டிலிருந்து ஃபேனுக்குள் தள்ளும். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு ஃபேனே சிக்கிக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போகும். சுற்றுகிற ஃபேன் மோட்டார் தானே கரண்ட் உண்டாக்கிப் போர்டுக்கு அனுப்பவும் வாய்ப்பு உண்டு. கம்ப்ரசர் டேங்கில் தேங்குகிற தண்ணீர் வேறு துளித்துளியாக வரும். டப்பாவில் விற்கிற காற்றோ, கையால் அமுக்குகிற ரப்பர் ஊதியோ போதும். அதையும் மூடியைத் திறந்து, இறக்கை சுற்றாமல் ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். பஞ்சுப் பட்டை ஊதினால் வராது. கையால்தான் எடுக்க வேண்டும்.

பேஸ்ட் மாற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில்லின் மேல் உட்கார்ந்திருக்கிற செம்புப் பட்டையும் குழாயும் தகடும் சேர்ந்ததுதான் ஹீட் சிங்க். அதன் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது 4-லிருந்து, முடுக்கும்போது 1-லிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே மூலையை இறுக்கினால் சில்லின் விளிம்பு உடையலாம். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைக்க வேண்டும். புதுசு ஒரு பச்சைப்பயறு அளவு. நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்பது தவறு. அது தடித்தால் அதுவே தடை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஆளிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் "திறந்து ஃபேனைக் கழற்றித் தகட்டைக் காட்டுங்க" என்று பக்கத்தில் நின்று கேளுங்கள்.

கூலிங் பேட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வழி திறந்திருந்தால் கொஞ்சம் உதவும். அடைத்திருந்தால் ஒன்றும் செய்யாது. பஞ்சு பறக்கிற இடத்தில் அது கீழிருந்து இன்னும் வேகமாகப் பஞ்சை ஊதிவிடும் என்பதால் நான் வாங்கவில்லை. லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு கட்டைத் துண்டு வைத்து ஒரு அங்குலம் தூக்கியிருக்கிறேன். காற்று இழுக்கிற ஓட்டைகள் அடியில்தான் இருக்கின்றன. கட்டிலில், தலையணையில், மடியில் போர்வைமேல் வைத்தால் அவை மூடிப்போகும். ஐஸ் கட்டிப் பையை அடியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த இடத்தில் நீர் கோத்துப் போர்டுக்குள் இறங்கினால் சூட்டைவிடச் சீக்கிரம் கொன்றுவிடும்.

சித்திரை, வைகாசிக்கு மட்டும் தனிக் கவனம். பல லேப்டாப் கையேடுகளில் அறை வெப்பம் 35 டிகிரி வரை இருக்கலாம் என்றுதான் போட்டிருக்கும். ஈரோடும் கரூர் பரமத்தியும் 40-ஐத் தாண்டிய ஊர்ப் பட்டியலில் வருகிற மாதங்களில் அட்டைக் கூரைக்குக் கீழே என்ன இருக்கும்? அறையில் பத்து டிகிரி கூடினால் சில்லிலும் ஏறக்குறைய பத்து கூடும். அதனால் கனமான மார்க்கர்களைக் காலையில் ஓட்டிவிடுகிறேன். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவு 100 என்று இருப்பதை இந்த இரண்டு மாதமும் 99 ஆக்கிவிடுகிறேன். இன்டெல் மிஷின்களில் பெரும்பாலும் அந்த ஒன்று குறைந்தாலே டர்போ என்கிற கூடுதல் வேக ஓட்டம் நின்றுவிடும். டர்போவில் வேகம் கூடும்போது வோல்டேஜும் சேர்ந்து ஏறுகிறது. வோல்டேஜ் ஏறினால் சூடு அதன் வர்க்கக் கணக்கில் ஏறும். வேகம் குறையத்தான் செய்யும், ஆனால் சூட்டில் மிச்சமாவது அதைவிட அதிகம். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் உப்பும். டச்பேட் மேலே தூக்கினாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படி உப்பியிருந்தால், சார்ஜ் போடாமல், அமுக்காமல், குத்தாமல் அப்படியே கொண்டுபோய் மாற்ற வேண்டும். பஸ்ஸில் போகும்போது மூடி மட்டும் போட்டுப் பைக்குள் வைக்காதீர்கள். உறக்கத்திலிருந்து தானே விழித்து அப்டேட் எடுக்கத் தொடங்கும் மிஷின்கள் உண்டு. பைக்குள் காற்று ஏது? ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

கோபி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் ஸ்க்ரூ டிரைவர், பேஸ்ட், ஆல்கஹால் எல்லாம் எடுத்துக்கொண்டு குன்னத்தூர் வழியாக அக்கா வீட்டுக்குப் போனோம். கோபிசெட்டிபாளையத்தை நெருங்கியதும் வாய்க்கால் பாசனப் பச்சை தொடங்கிவிடும். அந்தப் பக்கம் பஞ்சு பறக்காது. அவள் ஹாஸ்டலிலும் பஞ்சு கிடையாது. உள்ளே இருந்தால் அது முழுக்க என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அவள் லேப்டாப்பை எடுத்து வந்து வைத்தாள். கூடவே தன் பழக்கங்களையும் சொன்னாள். மத்தியானம் எதையும் திறக்க மாட்டாளாம். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல், ஹாஸ்டல் அறையில் எல்லோரும் தூங்கிய பிறகு, தரையில் வைத்து, மேலே சீலிங் ஃபேனை முழு வேகத்தில் விட்டு வேலை பார்ப்பாளாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்வாளாம், எப்போது அணையும் என்று தெரியாதே. "எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோன்னு நெனச்சுட்டேங்க சித்தி" என்றாள். இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அட்டையில் சதுரம் போடத் தொடங்கினேன்.

ஃபேனைத் தூக்கினேன். நேவி புளூ. கொரோனா ஊரடங்கு முடிந்து ஆலைகள் திறந்தபோது மாதக்கணக்கில் ஓடிய அந்த நேவி புளூ. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். இது என்னுடையதைவிடத் தடிமன், இறுகிப்போய் அட்டை மாதிரி இருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதென்ன, துணியாட்ட இருக்குது" என்றாள். அக்கா மகள் எதுவும் பேசவில்லை. அதை வாங்கி ஒரு தாளில் மடித்துத் தன் பென்சில் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றேன். "ஏனுங் சித்தி, உங்குளுக்கும் தெரியாதுல்ல" என்றாள்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, பேட்டரியை மாட்டி, மூடியைப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவள் தன் ப்ராஜெக்டைத் திறந்து, ரிவ்யூவில் பாதியில் நின்ற அதே சிமுலேஷனை ஓட விட்டாள். ஃபேன் மெதுவாக எழுந்து, ஒரு சீரான சத்தத்தில் நின்றது. அவள் விரல் நுனியால் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முழுக் கையையும் வைத்தாள். அப்பா நாற்காலியை நகர்த்திப் பக்கவாட்டில் வந்து உட்கார்ந்து, சல்லடைக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தார்.

"அப்புச்சி, சூடா வருதுங்களா?" என்றாள் பயந்துபோய்.

"நல்லா சூடா வருது சாமி" என்றார் அப்பா. கையை எடுக்கவில்லை.